விளையாட்டுக் கடலுக்குப் புதிய உயிரினம்: பரிந்துரை தயாரிப்பது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் நடக்கும் முதல் சண்டை பெரும்பாலும் கேம்ஸ் பற்றியதுதான். "படிக்க வாங்கிக் கொடுத்தால் விளையாடுகிறான்" என்பது ஒரு பக்கம். "எல்லோர் வீட்டிலும் விளையாடுகிறார்கள்" என்பது மறுபக்கம். இந்தப் பாடத்தில் இரண்டு தரப்பையும் ஒரே மேஜையில் உட்கார வைக்கப் போகிறோம். விளையாட்டை நிறுத்தச் சொல்லப் போவதில்லை. அந்த விளையாட்டில் இல்லாத ஒன்றை நாமே யோசித்து, கணக்குப் போட்டு, ஒரு பக்கப் பரிந்துரையாக எழுதப் போகிறோம். இதற்குள் நோட்பேட், ஸ்ப்ரெட்ஷீட் ஆகிய இரண்டும் பழகிவிடும்.

நான் எஞ்சினியரிங் முடித்துவிட்டு சாஃப்ட்வேர் துறையில் வேலை பார்க்கிறேன். எங்கள் வேலையில் புரோகிராம் எழுதுவது பாதிதான். ஒரு புதிய வசதி எதற்கு, யாருக்கு, அதைச் சேர்த்தால் பழையது எது கெடும் என்று முன்கூட்டியே எழுதிக் காட்டுவது மீதிப் பாதி. அந்தப் பாதிக்கு புரோகிராமிங் தெரிய வேண்டியதில்லை. கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும்.

தேவையானவை: ஒரு கம்ப்யூட்டர், விண்டோஸுடன் வரும் நோட்பேட், எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸ் கால்க். கேமை விலை கொடுத்து வாங்கியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

சர்வைவல் கேம் என்றால் என்ன?

ஆளில்லாத ஓர் உலகில் உங்களை வெறுங்கையோடு இறக்கிவிடுவார்கள். மரம் வெட்டி, கல் உடைத்து, உணவு தேடி, வீடு கட்டி உயிர் பிழைக்க வேண்டும். இதுதான் சர்வைவல் கேம். இதில் மிகவும் பிரபலமானது மைன்கிராஃப்ட். ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் உள்ள மோஜாங் நிறுவனம் இதன் முழுப் பதிப்பை 2011 நவம்பரில் வெளியிட்டது. 2014-இல் மைக்ரோசாஃப்ட் 250 கோடி டாலர் கொடுத்து அந்த நிறுவனத்தை வாங்கியது. 2023 அக்டோபரில் 30 கோடி பிரதிகளுக்கு மேல் விற்றுவிட்டதாக அறிவித்தார்கள். எனவே உங்கள் வீட்டிலும் இது இருக்க வாய்ப்பு உண்டு. நம் பாடத்துக்கு இதையே எடுத்துக்கொள்வோம்.

இந்த விளையாட்டில் ஓர் உயிரினத்திடமிருந்து கிடைக்கும் பொருளுக்கு 'டிராப்' என்று பெயர். உயிரினம் ஓரிடத்தில் தானாகத் தோன்றுவதை 'ஸ்பான்' என்பார்கள். இந்த இரண்டு சொற்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: இருப்பதை முதலில் பட்டியலிடுங்கள்

புதிதாக எதையும் கேட்பதற்கு முன் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஸ்டார்ட் மெனுவில் நோட்பேடைத் திறந்து கடல் உயிரினங்களையும் அவற்றின் டிராப்களையும் வரிசையாக டைப் செய்யுங்கள். என் பட்டியல் இது:

* கணவாய்: கொன்றால் 1 முதல் 3 மைப் பைகள். 2011 ஜனவரியில் வந்தது. இந்தக் கடலின் முதல் உயிரினம் இதுதான்.
* ஒளிரும் கணவாய்: கொன்றால் 1 முதல் 3 ஒளிரும் மைப் பைகள். 2020-இல் ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தது. 2021 ஜூனில் வந்தது.
* காட், சால்மன், பேத்தை மீன், வெப்பமண்டல மீன்: கொன்றால் ஒரு மீன். 2018 ஜூலையில் வந்த கடல் அப்டேட்டில்தான் இவை நீந்தும் உயிரினங்கள் ஆயின. அதற்கு முன் தூண்டில் போட்டால் கிடைக்கும் பொருளாக மட்டுமே இருந்தன.
* டால்பின்: கொன்றால் அதிகபட்சம் ஒரு காட் மீன். ஆனால் மீன் கொடுத்தால் புதையலுக்கு வழி காட்டும்.
* கார்டியன்: கொன்றால் பிரிஸ்மரீன் என்ற கல் துண்டுகள்.
* ஆமை: குட்டி வளர்ந்து பெரிதாகும்போது ஓர் ஓட்டுச் சில்லைத் தானாக உதிர்க்கும். ஐந்து சில்லுகள் சேர்ந்தால் ஒரு தலைக்கவசம். அதை அணிந்தால் நீருக்கடியில் கூடுதலாக 10 விநாடி மூச்சு நிற்கும்.
* நாட்டிலஸ்: 2025 டிசம்பரில் வந்தது. பழக்கினால் அதன்மேல் ஏறிக் கடலுக்கடியில் பயணம் செய்யலாம்.

ஃபைல் மெனுவில் சேவ் கொடுத்து இந்தப் பட்டியலுக்கு 'கடல் பட்டியல்' என்று பெயர் கொடுத்துவிடுங்கள். தமிழில் பெயர் வைத்தாலும் விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும்.

படி 2: எது குறைகிறது?

பட்டியலை மேலிருந்து கீழாகப் படியுங்கள். 'கொன்றால்' என்ற சொல் எத்தனை முறை வருகிறது? ஆமையை விட்டால், ஒரு பொருள் வேண்டுமென்றால் உயிரினத்தைக் கொல்வதுதான் இங்கே முக்கிய வழியாக இருக்கிறது.

இதே விளையாட்டின் நிலப்பகுதியைப் பாருங்கள். ஆட்டைக் கத்தரியால் வெட்டினால் கம்பளி கிடைக்கிறது. ஆடு புல் தின்றதும் கம்பளி மறுபடி வளர்கிறது. மாட்டிடம் பால் கறக்கலாம். கோழி 5 முதல் 10 நிமிடத்துக்கு ஒரு முட்டை இடும். தேன்கூட்டில் தேன் எடுக்கலாம். 2024 ஏப்ரலில் வந்த ஆர்மடில்லோவைப் பிரஷ்ஷால் தேய்த்தால் ஒரு சில்லு கிடைக்கிறது. அதைக் கொண்டு வளர்ப்பு ஓநாய்க்குக் கவசம் செய்யலாம். நிலத்தில் பண்ணை வைக்கலாம், கடலில் வேட்டைதான். நம் பரிந்துரை நிரப்ப வேண்டிய இடம் இதுவே.

அந்த ஆர்மடில்லோவுக்கு ஒரு பின்கதை உண்டு. 2023-இல் நடந்த வாக்கெடுப்பில் ஆர்மடில்லோ, நண்டு, பெங்குவின் ஆகிய மூன்றும் போட்டியிட்டன. நண்டு வென்றிருந்தால் அதன் கொடுக்கு ஒரு கருவியாகியிருக்கும். கையில் வைத்திருந்தால் வழக்கத்தைவிடத் தொலைவில் கட்டைகளை வைத்துக் கட்டலாம். வென்றது ஆர்மடில்லோ. 2024-இல் இந்த வாக்கெடுப்பு முறையையே நிறுத்திவிட்டார்கள். அதனால் ஒரு நல்ல பரிந்துரைக்கான இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

வேறு விளையாட்டுகள் இதை எப்படிக் கையாண்டன என்றும் பார்த்துக்கொள்வது நல்லது. 2018 ஜனவரியில் முழுமையாக வெளிவந்த சப்நாட்டிகா முழுக்க முழுக்கக் கடலுக்கடியில் நடக்கும் சர்வைவல் கேம். அதில் பிளாடர்ஃபிஷ் என்ற மீனைப் பிடித்துக் குடிநீர் தயாரிக்கலாம். ஸ்டாக்கர் என்ற பெரிய மீனுக்கு உலோகத் துண்டுகளைக் கவ்வி விளையாடப் பிடிக்கும். அப்படி விளையாடும்போது அதன் பல் சில நேரம் உதிரும். அந்தப் பல்லைப் பொறுக்கி வந்தால் உறுதியான கண்ணாடி செய்யலாம். மீனோடு சண்டையே போட வேண்டாம். இந்த விளையாட்டில் துப்பாக்கி கிடையாது. 2012 டிசம்பரில் அமெரிக்காவின் சாண்டி ஹூக் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூடு அந்த முடிவுக்கு ஒரு காரணம் என்று அதன் இயக்குநர் சார்லி கிளீவ்லாண்ட் சொல்லியிருக்கிறார். எதைச் சேர்ப்பது என்பதைப் போலவே எதைச் சேர்க்காமல் விடுவது என்பதும் ஒரு முடிவுதான்.

படி 3: நிஜக் கடலில் தேடுங்கள்

"லேசர் விடும் சுறா வேண்டும்" என்று என் அக்கா மகன் ஒரு பரிந்துரை எழுதிக் காட்டினான். "லேசரை வைத்து நீ என்ன செய்வாய்?" என்று கேட்டேன். பதில் இல்லை. கற்பனை செய்வதில் தவறில்லை. ஆனால் நிஜக் கடலில் உள்ள உயிரினத்தை எடுத்துக்கொண்டால் அது எங்கே வாழும், என்ன தின்னும், எதைத் தரும் என்ற கேள்விகளுக்கு விடை தயாராக இருக்கும். கொல்லாமலே பொருள் தரும் மூன்று உயிரினங்கள் இதோ.

1. கல் நண்டு. அமெரிக்காவின் ஃப்ளோரிடா கடற்கரையில் பிடிக்கப்படுவது. மீனவர்கள் நண்டை எடுத்துச் செல்வதில்லை. கொடுக்கை மட்டும் முறித்துக்கொண்டு நண்டைக் கடலில் விட்டுவிடுகிறார்கள். கொடுக்கு மறுபடி முளைக்கும். இதற்குச் சட்டமும் இருக்கிறது. அக்டோபர் 15 முதல் மே 1 வரை மட்டுமே பிடிக்கலாம். 2020 முதல் கொடுக்கு குறைந்தது இரண்டே முக்கால் அங்குலத்துக்கும் சற்று மேல், அதாவது சுமார் 7.3 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். முட்டையுள்ள நண்டைத் தொடக்கூடாது. மூட்டில் சரியாக முறிக்காவிட்டால் நண்டு இறந்துவிடும்.

2. பேனா சிப்பி. மத்தியதரைக் கடலில் வாழும் பெரிய சிப்பி. 120 சென்டிமீட்டர் வரைகூட வளரும். தரையைப் பற்றிக்கொள்ள மெல்லிய நூல் போன்ற இழைகளை விடும். அந்த இழைகளைச் சுத்தம் செய்து நூற்றால் பொன்னிறத்தில் 'கடல் பட்டு' கிடைக்கும். இத்தாலியின் சார்டினியா தீவு இதற்குப் பெயர் பெற்றது. 2016 முதல் ஓர் ஒட்டுண்ணி நோயால் இந்தச் சிப்பிகள் கூட்டம் கூட்டமாக அழிந்துவருகின்றன. இன்று நிஜக் கடலில் தொடக்கூடாத உயிரினம் இது. விளையாட்டில் தாராளமாக நூல் எடுக்கலாம்.

3. கடல் அட்டை. சில வகைகள் பயந்தால் ஒட்டும் தன்மையுள்ள வெள்ளை இழைகளை எதிரி மேல் வீசும். சில வகைகள் குடலையே வெளியே தள்ளிவிட்டுப் பிறகு புதிதாக வளர்த்துக்கொள்ளும். மன்னார் வளைகுடாவிலும் கடல் அட்டைகள் உண்டு. 2001 முதல் இந்தியாவில் இவற்றைப் பிடிக்கத் தடை இருக்கிறது. விளையாட்டில், அருகில் போய்த் தண்ணீரைக் கலக்கினால் இழை வீசும். அதைச் சேகரித்துப் பசை செய்யலாம்.

மூன்றில் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் ஒரு பரிந்துரையில் ஓர் உயிரினம் மட்டுமே இருக்கட்டும். மூன்றையும் சேர்த்து எழுதினால் படிப்பவர் மூன்றையும் சேர்த்தே ஒதுக்கிவிடுவார். நான் கல் நண்டை எடுத்துக்கொள்கிறேன்.

படி 4: முதல் கணக்கு – வெட்டுவதா, கொல்வதா?

"கொல்லாமல் எடுங்கள்" என்று அறிவுரை எழுதினால் விளையாடுபவர் கேட்கமாட்டார். கொல்வதைவிட வெட்டுவதில் லாபம் அதிகம் இருந்தால் சொல்லாமலே கேட்பார். அந்த லாபத்தைக் கணக்கில் கொண்டுவர வேண்டும்.

மைன்கிராஃப்டில் ஒரு நாள் என்பது நம் கடிகாரத்தில் 20 நிமிடம். கடற்கரையில் 10 நண்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இப்படித் தொடங்கலாம்:

* நண்டைக் கொன்றால் 1 அல்லது 2 கொடுக்குகள். சராசரி 1.5.
* கத்தரியால் வெட்டினால் 1 கொடுக்கு. நண்டு உயிரோடு இருக்கும்.
* கொடுக்கு மறுபடி முளைக்க 3 விளையாட்டு நாட்கள், அதாவது 60 நிமிடம்.
* கட்டடம் கட்டும் ஒருவருக்கு 5 மணி நேரத்தில் 12 கொடுக்குகள் தேவைப்படும். கருவி தேய்ந்து போவதையும் சேர்த்து இது நம் அனுமானம்.

பத்தையும் கொன்றால் 15 கொடுக்குகள். அதோடு கடற்கரை காலி. வெட்டினால் உடனே 10, பிறகு மணிக்கு 10. ஐந்து மணி நேர முடிவில் 60. தேவை 12தான். ஐந்து மடங்கு குவிந்துவிட்டது. இனி அந்தக் கொடுக்குக்கு மதிப்பே இல்லை. பெட்டியில் கிடந்து தூங்கும்.

எனவே முளைக்கும் காலத்தை 12 நாட்களாக, அதாவது 4 மணி நேரமாக மாற்றுவோம். இப்போது 0, 4, 8 என்ற மணிகளில் மட்டும் வெட்டலாம். பத்து மணி நேரத்தில் மூன்று முறை, மொத்தம் 30. தேவை 24. வெட்டுபவருக்கு 6 மிஞ்சும். கொன்றவரிடம் இருந்தது 15. அவருக்கு 9 குறையும். இருபது மணி நேரத்தில் வெட்டுபவரிடம் 60, தேவை 48. எப்போதும் சற்று மிச்சம், ஆனால் குவியாது. இதுதான் நமக்கு வேண்டிய எண்.

கவனியுங்கள், கொன்றவருக்கு முதல் 5 மணி நேரம் எந்தக் குறையும் தெரியாது. 12 தேவைக்கு அவரிடம் 15 இருக்கிறது. பிறகுதான் உறைக்கும். யாரும் பாடம் நடத்தாமல் விளையாட்டே பாடம் சொல்லும்.

படி 5: இரண்டாவது கணக்கு – கடல் காலியாகுமா?

மைன்கிராஃப்டில் மீன் தீர்ந்து போகாது. ஜாவா பதிப்பில் தனியாக விளையாடும்போது சிறு மீன்களுக்கு 20, கணவாய், டால்பின் வகைக்கு 5 என்று ஓர் உச்சவரம்பு இருக்கிறது. எண்ணிக்கை குறைந்தால் விளையாட்டு புதிதாக ஸ்பான் செய்துவிடும். நிஜக் கடலில் அப்படி யாரும் நிரப்புவதில்லை. பெரிங் கடலில் 1741-இல் ஜார்ஜ் ஸ்டெல்லர் என்ற இயற்கை ஆய்வாளர் பார்த்து எழுதிய பிரமாண்டமான கடற்பசு, 1768-க்குள் வேட்டையாடப்பட்டு அடியோடு அழிந்துவிட்டது. இடையில் 27 ஆண்டுகள்தான். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் முதலில் சிப்பிப் பார்களைச் சோதித்து, சிப்பி போதுமான அளவு இருந்தால்தான் குளிப்பை அறிவிப்பார்கள். அப்படியிருந்தும் 1961-க்குப் பிறகு அங்கே அந்தப் பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை.

முத்துச் சிப்பி போன்ற உயிரினத்தைப் பரிந்துரைத்தால் வெட்டிவிட்டு விடும் வழி கிடையாது. திறந்தால் சாகும். அப்போது தீரும் கடல் வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டும். அதை ஸ்ப்ரெட்ஷீட்டில் பார்ப்போம். ஒரு பகுதியில் 40 சிப்பிகள். தினமும் சிலவற்றை எடுக்கிறோம். மீதி இருப்பவை மறுநாளுக்குள் 10 சதவீதம் பெருகும். ஆனால் இடம் 40-க்குத்தான்.

1. எக்செல் அல்லது கால்க்கைத் திறக்கவும். முதல் வரிசையில் நான்கு தலைப்புகள்: ஏ1-இல் நாள், பி1-இல் காலை இருப்பு, சி1-இல் எடுத்தது, டி1-இல் மீதி.

2. ஏ2-இல் 1, பி2-இல் 40, சி2-இல் 3 என்று டைப் செய்யவும். செல்களின் பெயர்களை ஃபார்முலாவில் ஆங்கில எழுத்துகளில்தான் டைப் செய்ய வேண்டும்.

3. டி2-இல் சமக்குறி போட்டு, பி2 கழித்தல் சி2 என்று எழுதி என்டர் தட்டவும். 37 என்று வரும்.

4. ஏ3-இல் சமக்குறி, ஏ2 கூட்டல் 1. சி3-இல் சமக்குறி, சி2.

5. பி3-இல்தான் விஷயம் இருக்கிறது. சமக்குறி, அடுத்து எம், ஐ, என் என்ற மூன்று எழுத்துகள், அடைப்புக்குறி, 40, கமா, டி2, பெருக்கலுக்கான நட்சத்திரக் குறி, 1.1, அடைப்புக்குறி முடிவு. இடைவெளி விடாமல் டைப் செய்யவும். இரண்டு எண்களில் சிறியது எதுவோ அதை எடுத்துக்கொள் என்று இதற்குப் பொருள். 37-ஐ 1.1-ஆல் பெருக்கினால் 40.7. இடம் 40-க்குத்தான் என்பதால் 40 என்று காட்டும்.

6. டி2 செல்லில் க்ளிக் செய்து, அதன் வலது கீழ் மூலையில் உள்ள சிறிய சதுரத்தை மவுஸால் பிடித்து டி3 வரை இழுக்கவும். பிறகு ஏ3 முதல் டி3 வரை நான்கு செல்களையும் செலக்ட் செய்து, அதே மூலையைப் பிடித்து 31-ஆவது வரிசை வரை இழுக்கவும். 30 நாள் கணக்கு ஒரே இழுப்பில் வந்துவிடும்.

தினமும் 3 எடுத்தால் ஒவ்வொரு நாள் காலையிலும் 40தான் இருக்கிறது. எத்தனை நாள் போனாலும் தீராது. இப்போது சி2-இல் உள்ள 3-ஐ அழித்துவிட்டு 4 என்று மாற்றுங்கள். வேறு எதையும் தொட வேண்டாம். மற்ற எண்கள் எல்லாம் தாமாகவே மாறும்.

இரண்டாம் நாள் காலை 39.6. பயப்பட ஒன்றுமில்லை. 11-ஆம் நாள் 33.6. அப்போதும் கடல் நிறைந்திருப்பது போலத்தான் தெரியும். 21-ஆம் நாள் 17. 25-ஆம் நாள் 4.6. 26-ஆம் நாள் காலை 0.66. அதாவது ஒரு சிப்பிகூட இல்லை. அதற்குக் கீழே உள்ள வரிசைகளில் கழித்தல் எண்கள் வரும், அவற்றை விட்டுவிடலாம்.

மூன்றுக்கும் நான்குக்கும் வித்தியாசம் ஒன்றுதான். ஒன்றில் கடல் என்றும் நிலைக்கிறது, மற்றதில் 25 நாளில் முடிந்துவிடுகிறது. அதிலும் பாதிக் காலம் வரை எதுவும் நடக்காதது போலவே இருக்கிறது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இந்த ஒரு செல்லை அவர்களையே மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை பக்கம் எழுதிப் படித்தாலும் இவ்வளவு சீக்கிரம் புரியாது.

அப்படியானால் தீரும் கடலைப் பரிந்துரைக்கலாமா? எஞ்சினியராக இரண்டு கேள்வி கேட்பேன். முதலாவது, நினைவகம். மைன்கிராஃப்ட் உலகம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 6 கோடி கட்டைகள் நீளம். ஒவ்வொரு பகுதியின் சிப்பிக் கணக்கையும் கம்ப்யூட்டர் வைத்திருக்க வேண்டுமா? வேண்டாம். கை வைத்த பகுதிக்கு மட்டும் கணக்கு எழுதினால் போதும். மற்ற இடமெல்லாம் 40 என்று வைத்துக்கொள்ளலாம். இதைப் பரிந்துரையில் ஒரு வரி சேர்த்தால் படிக்கும் புரோகிராமருக்கு உங்கள்மேல் மதிப்பு வரும். இரண்டாவது, விளையாடுபவர். காரணம் தெரியாமல் கடல் காலியானால் கேமில் ஏதோ கோளாறு என்றுதான் நினைப்பார். எனவே முன்னெச்சரிக்கை தேவை. இருப்பு பாதிக்குக் கீழே போனால் பார்க்கும் சிப்பிகள் எல்லாம் சிறியவையாக இருக்கட்டும். ஃப்ளோரிடாவில் கொடுக்கை அளந்து பார்ப்பதும் இதே மாதிரி ஒரு கவனம்தான்.

படி 6: ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

நோட்பேடில் புதிய ஃபைல் திறந்து ஏழு தலைப்புகளில் எழுதவும். என் நண்டுப் பரிந்துரை இப்படி அமைந்தது:

* பெயர்: கல் நண்டு.
* இடம்: கடற்கரை மணலும் ஆழமில்லாத கடலும். மூன்று அல்லது நான்கு சேர்ந்து ஸ்பான் ஆகும்.
* நடத்தை: பகலில் பாறை இடுக்கில் ஒளியும். அருகில் போனால் ஓடும். இரண்டு முறை அடித்தால் கடிக்கும்.
* எடுக்கும் முறை: கத்தரியால் வெட்டினால் 1 கொடுக்கு. 12 நாளில் மறுபடி முளைக்கும். குட்டி நண்டையும் முட்டையுள்ள நண்டையும் வெட்ட முடியாது. கொன்றால் 1 அல்லது 2.
* பயன்: கொடுக்கை வைத்துச் செய்யும் கருவியால் தொலைவில் கட்டைகளை வைக்கலாம்.
* ஏன் தேவை: கடலில் ஆமையைத் தவிர, கொல்லாமல் வளர்த்துப் பொருள் பெறும் உயிரினம் இல்லை.
* கணக்கு: 10 நண்டு, 10 மணி நேரம். வெட்டினால் 30, கொன்றால் 15, தேவை 24.

மிகவும் முக்கியமானவை கடைசி இரண்டு தலைப்புகள். மற்ற ஐந்தையும் யாரும் எழுதிவிடுவார்கள். இந்த இரண்டையும் எழுதுபவர்கள் குறைவு.

படி 7: அனுப்பும் முன் ஐந்து கேள்விகள்

1. இது தரும் பொருள் வேறு எதிலிருந்தாவது ஏற்கெனவே கிடைக்கிறதா? கிடைத்தால் இந்த உயிரினம் எதற்கு?
2. பொருளுக்குக் குறைந்தது ஒரு பயனாவது இருக்கிறதா? அழகாக இருக்கும் என்பது மட்டும் போதாது.
3. முதல் நாளே கிடைத்துவிட்டால் விளையாட்டு சுலபமாகிவிடுமா?
4. ஒருவர் இதை ஓயாமல் செய்துகொண்டே இருந்தால் என்ன ஆகும்? கணக்கில் 100 மணி நேரம் வரை போட்டுப் பார்த்தீர்களா?
5. இந்த விளையாட்டே தெரியாத ஒருவர் படித்தால் புரியுமா? வீட்டில் ஒருவரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் வரியை மாற்றி எழுதுங்கள்.

கவனிக்க வேண்டியது

பரிந்துரை எழுதியதும் "நாமே சேர்த்துப் பார்த்தால் என்ன?" என்று தோன்றும். மைன்கிராஃப்டில் எந்த உயிரினம் எதைத் தரும் என்ற பட்டியல் 'லூட் டேபிள்' எனப்படும் சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில்தான் இருக்கிறது. நோட்பேடிலேயே திறந்து படிக்கலாம். அதை மாற்றிப் பழகுவது அடுத்த கட்டம். ஆனால் பிறர் எழுதிய 'மோட்'களைக் கண்ட இடத்திலிருந்து டவுன்லோட் செய்யாதீர்கள். 2023 ஜூனில் ஃப்ராக்சரைசர் என்ற வைரஸ் மைன்கிராஃப்ட் மோட்களுக்குள் ஒளிந்து பரவியது. பலரும் நம்பிப் பயன்படுத்தும் இடங்களில்கூட அது நுழைந்திருந்தது. எனவே ஆன்டிவைரஸ் இயங்கிக்கொண்டிருக்கட்டும். பிள்ளைகள் பரிந்துரை அனுப்பும்போது உண்மைப் பெயர், பள்ளி, முகவரி, போன் நம்பர் எதையும் எழுதவில்லை என்பதைப் பெரியவர்கள் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

உங்கள் பரிந்துரையை அந்த நிறுவனம் ஏற்குமா என்பது வேறு விஷயம். வருகிற யோசனைகளில் மிகச் சிலவே விளையாட்டுக்குள் போகும். ஆனால் ஒரு மாலைப் பொழுதில் பட்டியல் போடவும், ஃபைலைச் சேவ் செய்யவும், ஃபார்முலா எழுதி இழுக்கவும் கற்றுக்கொண்டிருப்பீர்கள். வீட்டு வரவு செலவுக்கும் இதே ஃபார்முலாதான். பி2-இல் மாதத் தொடக்கக் கையிருப்பையும் சி2-இல் செலவையும் போடுங்கள். 1.1 என்று பெருக்கிய இடத்தில் மாத வருமானத்தைக் கூட்டுங்கள்; 40 என்ற வரம்பு தேவையில்லை. எந்த மாதம் கை காலியாகும் என்று ஸ்ப்ரெட்ஷீட் முன்பே சொல்லிவிடும்.

பயிற்சி: பேனா சிப்பியையோ கடல் அட்டையையோ எடுத்துக்கொண்டு மேலே உள்ள ஏழு தலைப்புகளிலும் எழுதிப் பாருங்கள். முதலில் 'ஏன் தேவை' என்ற தலைப்பை நிரப்புங்கள். அது நிரம்பிவிட்டால் மற்றவை தானாக வரும்.